வருமான வரி: நம் வணிகர்கள் தவற விடும் கழிவுகள்



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் கடைகளுக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் பழைய பாக்கியை வசூலிக்க வரும் மொத்தக் கடை ஆள். இன்னொருவர், "ஒரு பாலிசி போட்டுவிடுங்கள், வரி மிச்சமாகும்" என்று சொல்லும் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. முதலாமவருக்குக் கணக்கை நாலு முறை கூட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். இரண்டாமவருக்குக் கணக்கே பார்க்காமல் கொடுத்துவிடுகிறோம்.

இன்றுள்ள சட்டப்படி பெரும்பாலான சிறு வணிகர்களுக்கு வரியைக் குறைத்துத் தருவது அந்தப் பாலிசி அல்ல. நாள்வழியில் எழுதாமல் விட்ட நம் கடைச் செலவுகளே. இதை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் விளக்குவதே இந்தப் பாடத்தின் நோக்கம். இதிலுள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குரியவை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 1-4-2026 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. நமக்குப் பழகிய பழைய எண்களையே இங்கு குறிப்பிட்டுள்ளோம்.

நம் உதாரண வணிகர்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 60-க்குக் கீழ். அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கிறார். அறுவடைக் காலத்தில் மிளகும் காப்பிக்கொட்டையும் கொள்முதல் செய்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக லாரியில் கீழே அனுப்புகிறார். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மேல். சொந்தமாக ஒரு மிளகுத் தோட்டமும் உண்டு. கடை லாபம் ரூ.11,00,000 என்றும், தோட்டத்தில் செலவு போக நின்றது ரூ.3,00,000 என்றும் அவருடைய கணக்கு சொல்கிறது.

"12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, எனக்கு வரி வராது" என்று அவர் நினைக்கிறார். ஆடிட்டரோ ரூ.15,600 கட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

அதற்கு முன், மலையில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம்.

1. "பழங்குடியினருக்கு வருமான வரி கிடையாதாமே?"

கொல்லிமலையில் வாழும் மலையாளி சமூகத்தார் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். ஆகவே தங்களுக்கு வரி இல்லை என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. பிரிவு 10(26) அதைத் தருகிறது. ஆனால் அது நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, மிஸோரம், அருணாசலப் பிரதேசம், லடாக் ஆகிய இடங்களிலும், அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையில் கண்ட பழங்குடிப் பகுதிகளிலும் வசிக்கும் பழங்குடியினர் அங்கேயே ஈட்டும் வருமானத்துக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் பொருந்தாது. இதை நம்பி வருமான விவரப் படிவம் தாக்கல் செய்யாமல் இருந்தவர்கள் உடனே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

விற்பனை ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வரி வந்தாலும் வராவிட்டாலும் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

2. தோட்ட வருமானம்: விலக்கு உண்டு, ஆனால்...

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. தாமே பயிரிட்டுப் பறித்து உலர்த்தி விற்கும் மிளகு இந்த விலக்கில் வரும். காப்பியில் ஒரு நுணுக்கம் உண்டு. பறித்து உலர்த்தி அப்படியே விற்றால் முழு விலக்கு. விளைவித்தவரே பதப்படுத்தி விற்றால் 25 சதவீதமும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதமும் வியாபார வருமானமாகக் கொள்ளப்படும்.

கொடியில் இருக்கும் மிளகையோ மரத்தில் இருக்கும் பலாவையோ மொத்தமாக விலை பேசிப் பறித்து விற்பவருக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. ஆகவே அந்த லாபம் விவசாய வருமானம் ஆகாது.

விலக்கு உண்டென்றால், நம் வணிகருக்கு ஏன் வரி வருகிறது? விவசாய வருமானம் ரூ.5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணிப்பதற்காக மட்டும் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கணக்கு இப்படி வரும்:

கடை 11 லட்சம், தோட்டம் 3 லட்சம். மொத்தம் 14 லட்சம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் ரூ.20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் ரூ.40,000. மீதி 2 லட்சத்துக்கு 15 சதவீதம் ரூ.30,000. ஆக ரூ.90,000.

தோட்டம் 3 லட்சம், அடிப்படை விலக்கு 4 லட்சம். கூட்டினால் 7 லட்சம். இதற்குரிய வரி ரூ.15,000. இதை மேற்படி ரூ.90,000-இல் கழித்தால் ரூ.75,000 நிற்கும்.

வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. ஆனால் அதன் உச்ச அளவு ரூ.60,000. அது போக மீதி ரூ.15,000, அதன் மேல் 4 சதவீதம் செஸ் ரூ.600. ஆக ரூ.15,600.

ஆடிட்டர் சொன்னது சரியே. 12 லட்சம் வரை வரி இல்லை என்பது தள்ளுபடியால் கிடைக்கும் சலுகை. தோட்டம் வைத்திருக்கும் மலை வணிகர்களுக்கு அந்தத் தள்ளுபடி முழுவதும் போதாமல் போகலாம். 12 லட்சத்து 75 ஆயிரம் என்று காதில் விழும் கணக்கு மாதச் சம்பளக்காரர்களுக்கு உரியது. நமக்கு அந்த ரூ.75,000 நிலைக் கழிவு கிடையாது.

3. பாலிசி போட்டால் இந்த வரி குறையுமா?

குறையாது, பல மடங்கு கூடும்! 80சி, 80டி போன்ற கழிவுகள் பழைய முறையில் மட்டுமே கிடைக்கும். நம் வணிகர் இன்சூரன்ஸ், சேமிப்பு என்று 80சி-யின் முழு ரூ.1,50,000-உம், மருத்துவக் காப்பீட்டுக்குத் தம் குடும்பத்துக்கு ரூ.25,000-உம், 60 வயது கடந்த பெற்றோருக்கு ரூ.50,000-உம் கட்டி, பழைய முறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை வருமானம் ரூ.8,75,000 ஆகக் குறையும். ஆனால் பழைய முறையில் 12 லட்சம் வரையிலான தள்ளுபடி இல்லை, விகிதங்களும் அதிகம். தோட்ட வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரி ரூ.1,42,500, செஸ் சேர்த்து ரூ.1,48,200. ரூ.15,600-ஐத் தவிர்க்கப் போய் ஒன்றரை லட்சம்!

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக வேண்டுமானால், தாக்கலுக்கான கடைசி நாளுக்குள் 10-ஐஇஏ என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். போனவர் புதிய முறைக்கு ஒரு தடவை திரும்பலாம். திரும்பிய பிறகு, வியாபார வருமானம் இருக்கும் வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. சம்பளக்காரரைப் போல ஆண்டுக்கொரு முறை மாறிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. ஆகவே, இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து இட வேண்டாம்.

குடும்பத்தின் பாதுகாப்புக்காகப் பாலிசி எடுப்பது வேறு விஷயம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. வரிக்காக எடுப்பதானால் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும்.

4. நாள்வழியில் விட்டுப் போகும் செலவுகள்

வரி குறைய வழி எங்கே இருக்கிறது? கடைக்குள்ளேயே இருக்கிறது. வியாபாரத்துக்காகச் செய்த செலவு எந்த முறையிலும் கழிவு பெறும். கணக்குப் புத்தகம் வைத்து லாபம் காட்டுவோர் பெரும்பாலும் தவற விடுபவை இவை:

(அ) நகைக் கடன் வட்டி. கொள்முதல் காலத்தில் வீட்டு நகையை வங்கியில் வைத்துப் பணம் புரட்டுவது நமக்குப் புதிதல்ல. அந்தப் பணம் கடைக்குள் வந்ததென்றால் வட்டி முழுவதும் கடைச் செலவே. நகை வீட்டுடையது என்பதால் வட்டியை வீட்டுச் செலவாக எழுதிவிடுகிறோம். கடன் தொகை கடைக் கணக்கில் வரவானதற்குப் பதிவு இருந்தால் போதும். கைமாற்றுக் கடனுக்குக் கொடுக்கும் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆனால் ரூ.20,000-உம் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. காசோலை அல்லது வங்கி வழியாகவே வாங்க வேண்டும்.

(ஆ) ஏற்று கூலி, இறக்கு கூலி, லாரி வாடகை. மலைக்கடைக்கு இது சிறு தொகை அல்ல. சுமை தூக்குபவர் ரசீது தருவதில்லை என்பதால் பலர் எழுதுவதே இல்லை. தேதி, மூட்டை எண்ணிக்கை, தொகை, வாங்கியவர் கையெழுத்து ஆகியவற்றுடன் நாமே ஒரு வவுச்சர் எழுதி வைத்தால் அதுவே சான்று.

(இ) வராக்கடன். மிளகு விற்றதும் தருகிறேன் என்று கடன் நோட்டில் எழுதி வாங்கிப் போனவர், ஊரைவிட்டே போயிருப்பார். விற்பனையை முன்பே கணக்கில் காட்டியிருந்து, இனி வராது என்று தெரிந்த பாக்கியை அந்த ஆண்டில் பேரேட்டில் தள்ளுபடி செய்து எழுதினால் அது கழிவு. கடன் நோட்டில் பேனாவால் அடித்துவிட்டால் மட்டும் போதாது. பிற்பாடு பணம் வந்தால் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்த்துவிட வேண்டும்.

(ஈ) தேய்மானம். பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம். எலக்ட்ரானிக் தராசு, குளிர்ப்பெட்டி, சரக்கு வண்டி முதலியவற்றுக்கு 15 சதவீதம். அலமாரி, மேஜை போன்றவற்றுக்கு 10 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் இதில் பாதி. ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்தத் தொகை வரை தேய்மானம் கிடைக்காது.

(உ) சில்லறைச் செலவுகள். தராசு முத்திரைக் கட்டணம், உணவுப் பாதுகாப்பு உரிமக் கட்டணம், தொழில் வரி, கடையின் மின் கட்டணம், சாக்கு, சணல், ஆடிட்டர் கட்டணம், நம் சங்கச் சந்தா எல்லாம் கழிவுக்கு உரியவையே. சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய அபராதம் மட்டும் சேராது. வீட்டுக்கு எடுத்துப் போன மளிகையையும் செலவில் சேர்க்கக் கூடாது.

(ஊ) விவசாயியிடம் ரொக்கக் கொள்முதல். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிவு பெறாது என்பது பொது விதி. லாரிக்காரருக்கு இது ரூ.35,000. இதற்கு அஞ்சிச் சிலர் மிளகுக் கொள்முதலையே குறைத்து எழுதிவிடுகிறார்கள். விளைவித்த விவசாயியிடம் நேரடியாக வாங்கும் விளைபொருளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. வாங்கிய நாள், எடை, விலை, விவசாயியின் பெயர், ஊர், கையெழுத்து ஆகியவற்றைக் கொள்முதல் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். இன்னொரு வியாபாரியிடம் வாங்கினால் இந்த விலக்கு இல்லை.

நம் உதாரண வணிகர் தம் நோட்டுகளை எடுத்து வைத்துப் பார்க்கிறார். ரூ.4,00,000 நகைக் கடனுக்கு 9 சதவீத வட்டி ரூ.36,000. எழுதாமல் விட்ட கூலி ரூ.24,000. வராக்கடன் ரூ.28,000. ரூ.30,000-க்கு வாங்கிய கம்ப்யூட்டரின் தேய்மானம் ரூ.12,000. ஆக மொத்தம் ஒரு லட்சம் விட்டுப் போயிருக்கிறது!

உண்மையான கடை லாபம் 10 லட்சமே. தோட்டத்தைச் சேர்த்தால் 13 லட்சம். அதற்கு வரி ரூ.75,000. முன்போல ரூ.15,000-ஐக் கழித்தால் ரூ.60,000. தள்ளுபடியும் ரூ.60,000. கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. பாலிசியும் இல்லை, பொய்க் கணக்கும் இல்லை. நடந்த செலவை நடந்தபடி எழுதியதே காரணம்.

இதேபோல் தோட்டச் செலவையும் எழுத வேண்டும். பறிப்புக் கூலி, உரம், மருந்து எல்லாம் போக நின்றதே விவசாய வருமானம். விற்ற தொகையை அப்படியே வருமானமாகக் காட்டுவோர், கூட்டிப் பார்க்கும் தொகையைத் தாமே உயர்த்திக்கொள்கிறார்கள். சிட்டா, அடங்கல் நகல்களும் விற்பனைச் சீட்டுகளும் கைவசம் இருக்கட்டும்.

5. புத்தகம் வைக்காமல் 44ஏடி-யில் காட்டுவோருக்கு

விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், செலவுக் கணக்கு இல்லாமல் விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு 3 கோடி. இதில் மேலே சொன்ன செலவுகளைத் தனியே கழிக்க முடியாது. ஆனால் இங்கும் ஒன்றைத் தவற விடுகிறோம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம்; காசோலை, வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம்.

விற்பனை ஒன்றரைக் கோடி என்று கொள்வோம். முழுவதற்கும் 8 சதவீதம் போட்டால் லாபம் ரூ.12,00,000. அதில் 90 லட்சம் வங்கி வழியாக வந்திருந்தால், அதற்கு 6 சதவீதம் ரூ.5,40,000, மீதி 60 லட்சத்துக்கு 8 சதவீதம் ரூ.4,80,000, ஆக ரூ.10,20,000. வித்தியாசம் ரூ.1,80,000. வங்கிப் புத்தகத்தை ஆடிட்டரிடம் கொடுத்தாலே இது தீரும். உண்மை லாபம் இதற்கு மேல் இருந்தால் உண்மையையே காட்ட வேண்டும் என்பது தனி.

இரண்டு எச்சரிக்கைகள்: கமிஷன், தரகு வருமானத்துக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. இதில் சேர்ந்தவர் இடையில் விலகினால் அடுத்த 5 ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது.

6. கடைக்கு வெளியே தவற விடுபவை

வாடகை: கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்தால், கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. இதற்கு ரசீது வேண்டாம். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கிடைக்கும். ஆனாலும் பலர் முழு வாடகையையும் வருமானமாகக் காட்டுகிறார்கள்.

பிடித்த வரி: வங்கி வட்டியிலும் கமிஷனிலும் பிடித்த வரி 26ஏஎஸ் பட்டியலில் இருக்கும். வரி கட்ட வேண்டாதவருக்கு அது திரும்பக் கிடைக்கும். படிவம் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும்.

12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்: வருமானம் ரூ.12,10,000 ஆனால் வரி ரூ.61,500 என்று பயப்பட வேண்டாம். தாண்டிய ரூ.10,000-க்கு மேல் வரி போகாதபடி சலுகை உண்டு. செஸ் மட்டும் தனி.

பழைய முறையில் இருப்போர்: வருமானம் பெரிதாகவும் கழிவுகள் மிக அதிகமாகவும் உள்ளவர்களுக்கே அது லாபமாகலாம். அவர்கள் மறந்துவிடுபவை: இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் (நன்கொடை சேராது) 80சி-யில் வரும். மேற்படிப்புக் கடன் வட்டி 8 ஆண்டு வரை, உச்ச வரம்பு இன்றிக் கழியும். மாற்றுத்திறனாளி ஒருவரைக் குடும்பத்தில் பராமரித்தால் ரூ.75,000, கடுமையான குறைபாடாக இருந்தால் ரூ.1,25,000, செலவு குறைவாக இருந்தாலும் முழுத் தொகையும் உண்டு, மருத்துவச் சான்றிதழ் மட்டும் அவசியம். காப்பீடு இல்லாத மூத்த பெற்றோரின் மருத்துவச் செலவு, ரொக்கமாக அல்லாமல் செலுத்தியிருந்தால், ரூ.50,000 வரை கழியும்.

பாடத்தின் சாரம்

1. கடைக்கு ஒரு நாள்வழி, தோட்டத்துக்கு ஒரு நாள்வழி, வீட்டுக்கு ஒரு நோட்டு. மூன்றும் கலக்க வேண்டாம்.

2. ரசீது தராதவரிடம் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள், அன்றன்றே எழுதுங்கள்.

3. நகைக் கடன் அட்டை, வங்கிப் புத்தகம், கடன் நோட்டு, சிட்டா நகல் நான்கையும் ஒரே பெட்டியில் வையுங்கள். ஆடிட்டரிடம் போகும்போது அந்தப் பெட்டியோடு போங்கள்.

4. ஆண்டு முடியும் முன், மார்ச் முதல் வாரத்திலேயே ஒரு முறை லாபத்தைக் கணித்துப் பாருங்கள். வராக்கடனைத் தள்ளி எழுதுவதானால் மார்ச் 31-க்குள் முடிவு செய்ய வேண்டும்.

5. "எனக்கு எவ்வளவு வரி?" என்று மட்டும் ஆடிட்டரிடம் கேட்காதீர்கள். "எதையெல்லாம் கழித்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.

ஐந்து ரூபாய் சில்லறை குறைந்தால் கல்லாப்பெட்டியை மறுபடி எண்ணிப் பார்க்கும் நாம், ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பெட்டியையும் எண்ணிப் பார்ப்போம். வர வேண்டிய கழிவைக் கேட்டுப் பெறுவது வரி ஏய்ப்பு அல்ல. அதுவும் ஒழுங்கான கணக்கின் ஒரு பகுதியே.